ஆணியில்லாத ஜப்பான் அலமாரி கேட்பவர்களுக்கு

அலமாரி செய்யச் சொல்லி வருகிறவர்களில் பலர் இப்போது போனில் ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டுகிறார்கள். இடப்பக்கம் உயரமாக ஒரு தட்டு, வலப்பக்கம் தாழ்வாக ஒரு தட்டு, நடுவில் இரண்டையும் இணைக்கும் சிறு கட்டை. கூடவே ஒரு நிபந்தனை: "ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது சார்."

அந்த வடிவத்துக்கு ஜப்பானில் சிகாய்தனா என்று பெயர். நகர்த்தி வைக்கும் சாமான் அல்ல அது, கட்டடத்தின் ஓர் உறுப்பு. ஓவியச் சுருள் மாட்டும் டோக்கோனோமா மாடத்துக்கு அருகே சுவரோடு சேர்த்துக் கட்டுவார்கள். கியோட்டோவின் வெள்ளி மண்டபக் கோயிலில் 1486இல் அஷிகாகா யோஷிமாசா எழுப்பிய தோகுதோ என்னும் கட்டடத்தில், நாலரைத் தரைப்பாய் விரிக்கும் அளவுள்ள சின்ன அறையில் இருப்பது மிகப் பழையவற்றில் ஒன்று. கத்சுரா மாளிகை, ஷுகாகுயின் மாளிகை, தைகோ-ஜி கோயிலின் சன்போ-இன் ஆகிய இடங்களில் உள்ள மூன்றையும் அந்நாட்டின் தலைசிறந்த தட்டுகளாகச் சொல்வார்கள்.

அவற்றில் வைத்தவை தூரிகை, மைக்கல், தூபக் கிண்ணம் போன்றவை. மேல்தட்டின் ஓரம் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதுகூடத் தூரிகை உருண்டு விழாமலிருக்கத்தான். நம் ஆட்களோ அதில் புத்தகம் அடுக்கக் கேட்கிறார்கள். நெருக்கி வைத்த புத்தகம் மீட்டருக்கு 20, 30 கிலோ எளிதாக வரும். அங்கே பாரத்தைப் பக்கச் சுவரும் பின்சுவரும் வாங்கிக்கொள்கின்றன. பின்பலகை இல்லாமல் தனியே நிற்கும் நகலில், நடுக்கட்டை மேல்தட்டின் பாரத்தைக் கீழ்த்தட்டின் நுனியில் இறக்கிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து தொங்கும்.

தொய்வுக் கணக்கு இரக்கமில்லாதது. இரு முனையும் தாங்கிய தட்டின் நீளம் இரண்டு மடங்கானால், அதே நெருக்கத்தில் அடுக்கினாலும் தொய்வு 16 மடங்கு. தடிமனை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். 18 மி.மீ. பிளைவுட்டில் புத்தகத் தட்டு என்றால் 75 செ.மீ.க்கு மேல் நான் விடுவதில்லை, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை என்றால் அந்த நீளம்கூட விடுவதில்லை.

இனி ஆணி. பழைய ஜப்பானியத் தச்சில் ஆணியே கிடையாது என்பது விளம்பரக்காரர்களின் கதை. உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் நிற்கும் ஹோர்யூ-ஜி கோயிலிலேயே கையால் அடித்த இரும்பு ஆணிகள் உண்டு. சஷிமோனோ என்னும் நுண்தச்சில் மூட்டு பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும். தேர்ந்த கை என்பதற்கு அதுதான் அடையாளம். மூட்டைப் பளிச்சென்று வெளியே காட்டினால்தான் ஜப்பான் வேலை என்று நினைப்பது இந்தக் காலத்து ரசனை.

ஜப்பானியத் தச்சர்களிடம் கற்க வேண்டியது மரத்துக்கு நகர இடம் விடுவதை. மரம் நாரோட்டத்தின் நீளத்தில் ஏறக்குறைய அசையாது. குறுக்கே விரியும், சுருங்கும். தட்டையாக அறுத்த 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் அகலம் சுமார் 2 மி.மீ. சுருங்கும். அதைத் திருகாலும் பசையாலும் இறுக்கிப் பிடித்தால் எங்காவது வெடிக்கும். டோக்கியோவில் கோடை ஈரப்பதம், குளிர்காலம் வறட்சி. அங்குள்ள தச்சர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் தொல்லை. அதனால் பலகையின் அடியில், நாருக்குக் குறுக்கே டவ்டெயில் காடி (வாய் குறுகி உள்ளே அகன்ற பள்ளம்) எடுத்து, அதில் ரீப்பர் கட்டையைப் பசையில்லாமல் செருகுவார்கள். பலகை வளையாது, ஆனால் அகலவாட்டில் தாராளமாக நகரும். எனக்கு அந்த வேலைப்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். யார் கண்ணிலும் படாது.

அதனால் கடையில் முன்பக்கத்து குமிகோ சட்டங்களில் மயங்கி நிற்காமல், குனிந்து தட்டின் அடியைத் தடவிப் பாருங்கள். குமிகோ மெல்லிய மரச்சட்டங்களைக் கோத்துச் செய்வது. லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். தாளை ஒட்டியும் அதே பெயரில் விற்கிறார்கள். வெட்டு முனையில் நார் தெரிகிறதா, மேல்பரப்பின் கோடு விளிம்பில் தொடர்கிறதா என்று பார்த்தாலே மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாளான வெனீரா, முழு மரமா என்று தெரிந்துவிடும். பிளைவுட் தவறில்லை, அது இப்படி விரிந்து சுருங்காது. முழு மர விலை கேட்டால்தான் தவறு.

செய்யக் கொடுக்கிறீர்கள் என்றால், பலகையில் ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஏசி ஓயாமல் ஓடும் அறைக்கு இன்னும் குறைவாக வேண்டும். வெயில் எந்தப் பக்கம் விழும், ஏசி காற்று எங்கே அடிக்கும் என்பதையும் அளவு எடுக்கும்போதே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். காடிக்குள் எவ்வளவு இடம் விடுவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.