ஹோம்ஸ்டெட்: வளவா, குடிக்காணியா?

ஸ்காட்லாந்திலிருந்து கடல் கடந்து வட அமெரிக்காவில் குடியமர்ந்த குடும்பங்களின் வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுபவருக்கு முதலில் இடர் தரும் சொல் ‘ஹோம்ஸ்டெட்’. இதனை ‘வீட்டுமனை’ என்று பெயர்த்தவர்களும் உண்டு, ‘பண்ணை வீடு’ என்று பெயர்த்தவர்களும் உண்டு. வீட்டுமனை என்றால் நம் மனத்தில் எழுவது அளந்து கல் நட்ட சில சென்ட் நிலம். பண்ணை வீடு என்றால் நகரத்துச் செல்வர் ஓய்வுக்குச் சென்று தங்கும் கட்டடம். ஒரு குடும்பம் ஐந்தாண்டுக் காலம் உழுதும் குளிரில் வாடியும் தனதாக்கிக் கொண்ட 160 ஏக்கர் நிலத்தை இவ்விரு சொற்களுமே காட்டுவதில்லை. பொருத்தமான தமிழ்ச் சொல்லைத் தேடுமுன், இச்சொல் வெவ்வேறு காலங்களில் எந்தெந்தப் பொருளைச் சுமந்தது என்பதைப் பிரித்தறிவது இன்றியமையாதது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹாம்’ என்பது வீட்டையும் ஊரையும், ‘ஸ்டெடெ’ என்பது நிலைத்து நிற்கும் இடத்தையும் குறித்தன. இரண்டும் சேர்ந்த ‘ஹாம்ஸ்டெடெ’ வீடு நிற்கும் இடம் என்று பொருள்பட்டது. லண்டனில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் என்னும் ஊர்ப்பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். பின்பகுதியான ‘ஸ்டெடெ’, ஜெர்மானிய மொழியில் நகரத்தைக் குறிக்கும் ‘ஸ்டாட்’ என்பதற்கு உறவுச் சொல். ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பேச்சில் தொழுவமும் களஞ்சியமும் சூழ்ந்த பண்ணைக் கட்டடத் தொகுதிக்கு இன்றும் ‘ஸ்டெடிங்’ என்றே பெயர். ஆகவே சொல்லின் முதற்பொருள் வீடு, அதைச் சுற்றிய முற்றம், கொட்டில், கிணறு, அடுத்துள்ள சிறு தோட்டம் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு குடியிருப்பு என்பதே. இப்பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவையே இல்லை. யாழ்ப்பாணத்தார் வேலி அடைத்த வீட்டு நிலத்தை, அதிலுள்ள கிணறும் பனையும் பலாவும் அடங்கலாக, ‘வளவு’ என்கின்றனர். இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொல்லை விட்டுவிட்டு ‘வீட்டு வளாகம்’ என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இரண்டாவது பொருள் சட்டத்தால் வந்தது. 1839-ஆம் ஆண்டில், தனிக் குடியரசாக இருந்த டெக்சஸ், கடன்காரர் பறிமுதல் செய்ய இயலாதவாறு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தில் ஒரு பகுதியையும் காத்துச் சட்டம் இயற்றியது. அவ்வாறு காக்கப்பட்ட உடைமையும் ஹோம்ஸ்டெட் எனப்பட்டது. இப்பொருள் நம் பேச்சுக்குப் பெரிதும் தேவைப்படாது.

மூன்றாவது பொருளே குடும்ப வரலாறுகளில் பயில்வது. 1862-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டு, 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், குடும்பத் தலைவராகவோ 21 வயது நிறைந்தவராகவோ உள்ள எவரும், குடியுரிமை பெற்றவராகவோ அதைப் பெற விரும்புவதாக அறிவித்தவராகவோ இருப்பின், 160 ஏக்கர் வரை அரசு நிலத்தைச் சிறு கட்டணம் மட்டும் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம் என்றது. மனுச் செய்தவர் அந்நிலத்தில் ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். கனடா 1872-இல் இயற்றிய சட்டம் 10 டாலர் கட்டணத்தில் அதே 160 ஏக்கரைத் தந்து, குடியிருக்கும் காலத்தை மூன்றாண்டாகக் குறைத்தது. அமெரிக்காவில் மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் தம் பெயரில் மனுச் செய்ய இயன்றது. கனடாவிலோ குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு மட்டுமே அது கிடைத்தது. இதனால் ஒரே குடும்பத்துச் சகோதரிகளுள் எல்லைக்குத் தெற்கே சென்றவர் நிலவுடைமையாளராகவும், வடக்கே சென்றவர் ஆவணத்தில் பெயரே இல்லாதவராகவும் ஆவதற்கு இடமிருந்தது.

160 ஏக்கர் என்னும் அளவு நில அளவையிலிருந்து பிறந்தது. ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரத்தை 36 கூறுகளாக்கினால் ஒரு கூறு 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். நம் பழைய அளவில் ஒரு காணி 57,600 சதுர அடி என்று கொண்டு கணக்கிட்டால், அது மிச்சமின்றி 121 காணியாகிறது.

குடியிருப்புக் காலம் முடிந்ததும், மனுதாரர் எத்தனை ஏக்கர் உழுதார், எந்த அளவில் வீடு கட்டினார் என்பதைச் சாட்சிகளை வைத்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியத் தாள்களே இன்று குடும்ப வரலாறு தேடுவோருக்குக் கிடைக்கும் பெரும் புதையல். மெய்ப்பித்தவருக்கு அரசு வழங்கிய உரிமை ஆவணத்தின் பெயர் ‘பேட்டன்ட்’. நம் ‘பட்டா’வோடு ஒலியிலும் பயனிலும் இது ஒத்திருப்பதைக் கண்டு இரண்டும் ஒரே சொல் என்று மயங்கிவிடக் கூடாது, பட்டா வடமொழிப் ‘பட்ட’ என்பதிலிருந்து வந்தது, பேட்டன்ட் ‘திறந்திருத்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது.

ஸ்காட்லாந்துக் குடும்பங்களுக்கு இந்த ஆவணம் ஏன் அத்தனை பெரிதாகத் தோன்றியது என்பதை விளங்கிக்கொள்ள, அவர்கள் விட்டுவந்த நிலத்தின் பெயரையும் அறிய வேண்டும். மேட்டுநிலத்திலும் தீவுகளிலும் ஒரு குடும்பம் உழுத சிறு துண்டு நிலம் ‘கிராஃப்ட்’ எனப்பட்டது. அது நில உரிமையாளருக்கு வாடகை செலுத்திப் பயிரிடும் நிலமே தவிர, உழுதவரின் உடைமை அன்று. ஆயினும் கேலிக் மொழி பேசிய அம்மக்கள், தம் குலத்தார் தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணில் தொடர்ந்து வாழ்வதற்குத் தமக்கு ஓர் உரிமை உண்டென்று உறுதியாக நம்பினர். அதனை ‘தூஹ்கஸ்’ என்றனர். நாடு, மண் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு நம் கல்வெட்டு மரபில் உள்ள ‘காணியாட்சி’ மிக நெருங்கி வருகிறது. வேறுபாடு என்னவெனில், காணியாட்சி கல்லிலும் ஓலையிலும் எழுதப்பட்டது. தூஹ்கஸ் மக்கள் மனத்தில் மட்டுமே இருந்தது. நீதிமன்றம் தாளில் எழுதிய உரிமையைத்தான் ஏற்றது.

அதனால் ஆட்டுப்பண்ணைகள் கூடுதல் வருவாய் தரும் என்று நில உரிமையாளர்கள் கண்டபோது, மக்களை அகற்றுவதற்குச் சட்டத்தில் தடையேதும் இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டிலும் நீண்ட இந்நிகழ்வை ‘வெளியேற்றம்’ என்று பொதுப்பட எழுதுகிறார்கள். சோழர் கல்வெட்டுகள் இதனினும் கூரிய சொல்லைத் தருகின்றன. நிலத்தைக் கோயிலுக்கு அளிக்கும்போது, அதில் முன்பிருந்த குடிகளை அகற்றி அளித்தால் ‘குடிநீக்கி’ என்றும், அவர்களை இருக்கவிட்டு அளித்தால் ‘குடிநீங்கா’ என்றும் பொறித்தார்கள். ஸ்காட்லாந்தில் நடந்தது குடிநீக்கம். அதற்கு இதனினும் பொருந்திய சொல்லை நான் அறியேன்.

ஸ்காட்லாந்தின் வடபகுதியான சதர்லாந்தைச் சேர்ந்த கில்டோனன் பள்ளத்தாக்கில் 1813-இல் குடிநீக்கம் தொடங்கியபோது மக்கள் எதிர்த்து நின்றனர், படை வரவழைக்கப்பட்டது. அவ்வாண்டே அவர்களுள் ஏறத்தாழ நூறு பேர், செல்கர்க் பிரபு தாமஸ் டக்ளஸ் ஹட்சன் விரிகுடா நிறுவனம் என்னும் வணிக நிறுவனத்திடமிருந்து பெற்றிருந்த, இன்றைய கனடாவின் மானிடோபாவிலுள்ள செந்நதிப் (ரெட் ரிவர்) பகுதிக்குக் கப்பலேறினர். கப்பலில் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். மாலுமிகள் அவர்களைச் செல்ல வேண்டிய துறையில் இறக்காமல் சர்ச்சில் என்னும் இடத்தில் இறக்கினர். அங்கே குளிர்காலத்தைக் கழித்தவர்களுள் நடக்க வல்லவர்கள், 1814 ஏப்ரலில் பனிக்காலணி கட்டி, குழலிசைப்பவர் ஒருவர் உடன்வர, முதலில் இறங்கியிருக்க வேண்டிய யார்க் கோட்டைக்கு நடந்தனர். பின்னர் செந்நதிக் கரையில் அவர்கள் அமர்ந்த ஊருக்கு 1817-இல் கில்டோனன் என்னும் பழைய பெயரே இடப்பட்டது. ஆனால் அங்கே அவர்கள் பெற்றவை ஆற்றிலிருந்து உள்ளே நீளும் ஒடுங்கிய நிலக் கீற்றுகள். மேலே சொன்ன மூன்றாவது பொருளிலான ஹோம்ஸ்டெட் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. 1888-இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ், ஹாரிஸ் தீவுகளிலிருந்து அரசுக் கடனுதவியோடு மானிடோபாவின் கில்லார்னி அருகே வந்தமர்ந்த குடும்பங்களே அச்சொல்லின் முழுச் சட்டப்பொருளுக்கும் உரியவர்கள். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1886-இல், கிராஃப்ட் உழவர்களை விருப்பம்போல் அகற்றக் கூடாதென்று பிரிட்டன் சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் அது நிலத்தை அவர்களுக்கு உடைமையாக்கவில்லை.

இவ்வளவையும் உள்ளடக்கும் தமிழ்ச் சொல்லாக நான் முன்வைப்பது ‘குடிக்காணி’. குடி என்பது குடும்பம், குடியிருத்தல், உழவர் ஆகிய மூன்றையும் உணர்த்தும். காணி என்பது நிலத்தை மட்டுமன்றி வழிவழியாக வரும் உரிமையையும் உணர்த்தும். குடியிருந்து பயிரிட்டால் மட்டுமே உடைமையாகும் நிலம் என்னும் நிபந்தனையும், பிள்ளைகளுக்குச் செல்லும் உரிமை என்னும் பயனும் இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. ‘குடியேற்றக் காணி’ என்று சிலர் சொல்லக்கூடும். இலங்கையில் அரசின் குடியேற்றத் திட்டங்களோடு அச்சொல்லுக்கு ஏற்பட்டுவிட்ட கசப்பான தொடர்பால் அதனைத் தவிர்க்கிறேன். தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் அரசுத் தரிசை மனுச்செய்து பெறுவதற்கு வழங்கிய ‘தர்க்காஸ்து’ செயல்முறையில் ஒத்திருந்தாலும், அது மனுவைக் குறிக்கிறதே அன்றிக் குடும்பத்தின் இருப்பைக் குறிப்பதில்லை. இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை: சென்னை மாகாணத்தில் உழவரோடு அரசு நேரே கணக்கு வைத்துப் பட்டா வழங்கும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டி, 1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவும் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரரே.

‘பயனியர்’ என்னும் சொல்லிலும் கவனம் வேண்டும். படைக்கு முன்னே சென்று வழிவெட்டிய காலாட்படை வீரரைக் குறித்த பிரெஞ்சுச் சொல் அது. ‘முன்னோடி’ என்னும் தமிழ்ச் சொல் பொருந்தும்; ‘ஆதிக்குடி’, ‘முதற்குடி’ ஆகியவை பொருந்தா. செந்நதிக் கரையில் பூர்வகுடிகளான கிரீ, அனிஷினாபே மக்களும், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் கலந்து உருவான மெட்டி மக்களும் முன்பே வாழ்ந்தனர். கனடா அரசு 1871-இல் நிலம் தொடர்பாக ‘முதலாம் ஒப்பந்தம்’ எனப்படும் உடன்படிக்கையைச் செய்துகொண்டது அனிஷினாபே, கிரீ மக்களோடுதான். குடிநீக்கப்பட்டு வந்தவர்களின் குடிக்காணி வேறொரு மக்களின் மண்ணில் அளக்கப்பட்டது என்பதை அக்குடும்பங்களின் வரலாற்றில் எழுதாமல் விடலாகாது.

இறுதியாக, சொல்லைக் கையாளும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. இயற்கையியலாளர் ஜான் மியூர் 1838-இல் ஸ்காட்லாந்தின் டன்பாரில் பிறந்தார். 1849-இல் தந்தை டேனியல் பிள்ளைகளுள் மூவரை மட்டும் அழைத்துக்கொண்டு முதலில் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குச் சென்றார். ஃபவுண்டன் ஏரிக்கரையில் நிலம் திருத்தி வீடு எழுப்பிய பின்னர், தாயும் ஏனைய பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். சில ஆண்டுகள் தொடர்ந்து கோதுமை விளைத்ததில் மண் சத்திழந்தது. குடும்பம் ஹிக்கரி ஹில் என்னும் வேறோர் இடத்துக்குப் பெயர்ந்தது. அங்கே நீர் மேலாகக் கிடைக்கவில்லை. மேல்மண்ணுக்குக் கீழே மணற்பாறை இருந்ததால், கிணறு தோண்டுவதற்காக இளைஞரான ஜான் நாள்தோறும் வாளியில் இறங்கி, மூன்றடி விட்டமுள்ள குழிக்குள் தனியே குந்தியிருந்து உளியால் செதுக்கினார். தந்தையும் தம்பியும் கல்துண்டுகளை மேலே இழுத்தனர். ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் தேங்கியிருந்த நச்சுக்காற்று அவரை ஒருநாள் மயங்கச் செய்தது. வாளியில் ஏறியமரத் தந்தை கூவியதால் உயிர் தப்பினார். காற்றைத் தூய்மை செய்தபின் மீண்டும் இறங்கி, 90 அடியில் நீர் கண்டார். இக்குடும்பத்தின் நிலம் 1862-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பே விலைக்கு வாங்கப்பட்டது; அதனால் ஹிக்கரி ஹில்லைக் குடிக்காணி என்று எழுதுவது பிழை. வீடும் தொழுவமும், உளியால் தோண்டிய அந்தக் கிணறும் சேர்ந்த அவ்விடத்தை வளவு என்று எழுத வேண்டும்.