கை முறிந்தால் முதலில் துண்டு

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு மேசன் ஏணியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. நேரே எலும்பு கட்டும் பரியாரியாரிடம் போனார். எண்ணெய், மூங்கில் தப்பை, இறுக்கமாய் ஒரு கட்டு. எலும்பு நன்றாகவே பொருந்தியது. வேலையில்லாமல் இருந்த ஆறு கிழமைக்கு நட்டஈடு கேட்டபோதுதான் கொந்தராத்துக்காரர் சிரித்தார்: "ஒப்பரேசனே செய்யேல்லை, பிறகென்ன நட்டஈடு?"

அது பொய். இலங்கையின் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பார்ப்பது, வேலையில் பட்ட காயத்தால் உழைக்க முடியாமல் போனதா என்பதைத்தான். கத்தி வைத்தார்களா, பிளாஸ்டர் போட்டார்களா என்று அது கேட்பதில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்தும் இதற்குள் வரும். கூப்பிட்டவரின் தொழிலோடு சம்பந்தமில்லாமல், எப்போதாவது ஒருநாள் கூலிக்குப் போனவருக்குத்தான் இது இடறும். ஆகவே யாருடைய வேலைக்குப் போனோம் என்பதற்குச் சாட்சி வேண்டும். வேலைக்கு வரச்சொன்ன போன் மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

மேசனிடம் இல்லாதது கடதாசிதான். பரியாரியாரிடம் போவது உங்கள் விருப்பம், ஆனால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயும் பிளாஸ்டரும் அங்கே இலவசம். என்ன நடந்தது என்று கேட்டால் "விழுந்திட்டன்" என்று நிறுத்தாமல், "வேலைத்தளத்தில் ஏணியிலிருந்து விழுந்தேன்" என்று எழுதவையுங்கள். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது, எந்தக் கை என்று அதில் எழுதியிருக்கிறார்கள் எனப் பாருங்கள். வலதை இடது என்று எழுதியதைத் திருத்த மூன்று நாள் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். எல்லாக் கடதாசியையும் அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

விபத்தை முதலாளிக்குப் பதிவுத் தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். கையில் ஐயாயிரத்தைத் தந்து, "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். அப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் எழுத்து செல்லாது. ஆனாலும் போடாதீர்கள், அது செல்லாது என்று காட்டவே இன்னொரு கந்தோர் ஏறவேண்டிவரும். நட்டஈடு கேட்கப் போன கந்தோரில் "பிறகு வாங்கோ" என்றால், எந்தக் கடதாசி குறைகிறது என்று எழுதித் தரச்சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பலருக்குக் கடதாசி குறையாமலே போய்விடும்.

முதல் இரண்டு கிழமைக்குள் மறுபடி எக்ஸ்ரேக்கு வரச்சொல்வார்கள். பிளாஸ்டருக்குள் எலும்பு நகர்ந்திருந்தால் அதில்தான் தெரியும். தவறவிட்ட கிளினிக் திகதியைத்தான் எதிர்த்தரப்பும் முதலில் பிடிக்கும்.

விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். கட்டியது டொக்டரோ பரியாரியாரோ, அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.