கோனுக்கு நடுவே ஒரு நிமிடம், டிராக்கில் இருபது நிமிடம்

வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: டயரின் பிடிப்பு, வளைவின் ஆரம். நல்ல தெரு டயர் காய்ந்த தார்த் தரையில் ஏறத்தாழ 0.9 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.9 மடங்கு) அளவுக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ கோன் (பிளாஸ்டிக் கூம்பு) வைத்து, நேரம் கணக்கிட்டு ஓட்டும் ஆட்டோகிராஸில், 15 மீட்டர் ஆர வளைவில் அந்தப் பிடிப்பு மணிக்கு 41 கி.மீ.யிலேயே தீர்ந்துவிடும். ரேஸ் டிராக்கின் 100 மீட்டர் ஆர வளைவில் அதே டயர் 107 கி.மீ. வரை தாங்கும். உடலைச் சீட்டின் ஓரத்துக்குத் தள்ளும் விசை இரண்டிலும் ஒன்றுதான். (நம் ஊரில் மண் தரைப் போட்டியையும் ஆட்டோகிராஸ் என்பார்கள், இங்கே பேசுவது தார்த் தரை வகையை.)

பிடிப்பு போனபின் தெரிவதுதான் வித்தியாசம். அந்த வேகத்தில் நான்கு சக்கரமும் தேய்ந்து சறுக்கி நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டால், விடை எப்போதும் ஆரத்தில் பாதியாக வரும். கோன் மைதானத்தில் 7.5 மீட்டர், இரண்டு கார் நீளம்கூட இல்லை. டிராக்கில் 50 மீட்டர். ஈரப் புல்லில் சறுக்கினால் அதைவிட வெகு அதிகம். அதற்குள் தடுப்புச் சுவர் வராமல் இருக்க வேண்டும்.

அதனால்தான் டயரின் எல்லையைத் தாண்டிப் பார்க்க ஆட்டோகிராஸைப் போல ஓர் இடம் கிடையாது. அமெரிக்காவின் எஸ்சிசிஏ என்ற மோட்டார் பந்தய அமைப்பின் ஆட்டோகிராஸ் விதிப்படி (அங்கே அதன் பெயர் சோலோ) ஒரு கோனைத் தட்டினால் 2 வினாடி அபராதம். கோனைச் சுற்றிச் சாக்பீஸால் கட்டம் போட்டிருப்பார்கள். கோன் சாய்ந்தாலோ கட்டத்தைவிட்டு முழுக்க வெளியே போனாலோதான் அபராதம், உள்ளே கொஞ்சம் நகர்ந்தால் இல்லை. நஷ்டம் அவ்வளவே. சிரமம் கோன் வரிசையில் நெளிந்து போகும்போது வரும். முதல் கோனில் அரை மீட்டர் தாமதமாகத் திருப்பினால், இரண்டாவதில் ஒரு மீட்டர் தாமதம், நான்காவது கோன் பம்பருக்கு அடியில் கிடக்கும். கார் கோனுக்கு மிக அருகில் வரும் புள்ளி, கோனை எட்டுவதற்குச் சற்று முன்பே அமைய வேண்டும். கடக்கும்போது ஸ்டீயரிங் ஏற்கெனவே மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும். காலையில் பாதையை மூன்று முறை நடந்து பார்ப்பது இதற்காகத்தான்.

குறை, நேரம். ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். நாள் முழுக்க ஐந்து ஓட்டம் கிடைத்தாலும் ஐந்து நிமிடம்தான். மீதி நேரம் வெயிலில் நின்று அடுத்தவர் தட்டிய கோனை நிமிர்த்த வேண்டும். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்ட விடும் டிராக் நாளில் 20 நிமிட அமர்வு நான்கு கிடைத்தால் 80 நிமிடம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 3.7 கி.மீ. சுற்றுக்கு 12 வளைவு. அதே வளைவு திரும்பத் திரும்ப வரும். பிரேக் இடத்தை ஐந்து மீட்டர் தள்ளிப் பார்த்து, என்ன மாறியது என்று அடுத்த சுற்றிலேயே தெரிந்துகொள்ளலாம். இந்த ஒழுங்கான திருத்தம் ஆட்டோகிராஸில் கிடைக்காது.

ஆனால் அதற்கான விலையை முதலில் கொடுப்பது பிரேக். 1200 கிலோ கார் 160 கி.மீ.யிலிருந்து 80க்கு இறங்கும்போது சுமார் 890 கிலோஜூல் வெப்பமாகிறது. அதில் எழுபது சதவீதம், தலா 6 கிலோ எடையுள்ள இரண்டு முன் டிஸ்க்குகளில் இறங்கினால், ஒவ்வொரு மிதியிலும் அவற்றின் சூடு 110 டிகிரிக்கு மேல் ஏறும். கோன்களுக்கு நடுவே 60லிருந்து 30க்கு இறங்கினால் 16 டிகிரிதான். டிராக்கில் முந்தைய சூடு ஆறுமுன் அடுத்த வளைவு வந்துவிடும்.

டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. கொதித்தால் குமிழி உண்டாகும், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் கோளாறு ஆயிலில் இல்லை, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. எது நடந்தாலும் வேகத்தைக் குறைத்து, ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு வெளியே வர வேண்டும். நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது. சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும்.

டயர் காற்றும் அப்படியே. 32 பி.எஸ்.ஐ. வைத்து 30 டிகிரியில் கிளம்பினால், உள்காற்று 80 டிகிரியைத் தொடும்போது 40ஐ நெருங்கிவிடும். 27இல் தொடங்கினால் 34இல் நிற்கும். பக்கச்சுவர் மடியாமல் இருக்கச் சுற்றை மெல்ல ஆரம்பித்து அளந்து பார்க்க வேண்டும். ஆட்டோகிராஸில் டயர் அவ்வளவு சூடேறாது என்பதால் வழக்கத்தைவிடச் சற்று கூட்டி வைப்பார்கள். டயரின் தோளில் (தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில்) சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டினால், எதுவரை அழிந்திருக்கிறது என்பதே சரியான அளவைச் சொல்லிவிடும். நீண்ட டிராக் வளைவில் எஞ்சின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும் அபாயமும் உண்டு. அளவுக்கோலின் மேல் கோட்டுக்கு நிரப்பியே கிளம்ப வேண்டும்.

நிமிடத்துக்கு நிமிடம் பார்த்தால் ஆட்டோகிராஸில்தான் பரவசம் அதிகம். கையும் கண்ணும் ஓயாது. நாள் முழுக்கப் பார்த்தால் டிராக். புதியவர் முதல் ஆண்டைக் கோன்களோடு கழித்துவிட்டு, மிச்சப்படும் பணத்தில் நல்ல பேட்டும் புது பிரேக் ஆயிலும் போட்டு டிராக்குக்குப் போவது சரியான வரிசை. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை வாசியுங்கள்: இந்திய மோட்டார் பாலிசிகளில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமாக விலக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தால், அந்த 50 மீட்டருக்குள் சுவர் வந்தால் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து.