சுஷிப் பட்டை மூலையில் திரும்புவது எப்படி?

ஜப்பானியச் சுஷி உணவகங்களில் மேசையோரமாக ஊர்ந்து வரும் பட்டை மூலையில் திரும்பும்போது, அதன்மேல் உள்ள தட்டுகள் ஏன் சரிந்து விழுவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வேகம் மிகக் குறைவு என்பதே நேரடி விடை. பட்டை வழக்கமாக நொடிக்கு 8 செ.மீ. அளவில்தான் நகர்கிறது. திருப்பத்தின் ஆரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டு வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய முந்நூற்றில் ஒரு பங்குதான். தட்டின் அடியிலுள்ள உராய்வே அதற்குப் போதும். ஆனால் தட்டைத் தாங்கும் பட்டை எப்படித் திரும்புகிறது என்பது இதைவிடச் சுவையான கேள்வி.

சுழலும் சுஷியைத் தொடங்கிய யோஷியாக்கி ஷிராயிஷி, பீர் ஆலையில் கன்வேயரில் நகர்ந்த புட்டிகளைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார். 1958இல் ஹிகாஷி ஒசாகாவில் முதல் கடையைத் திறந்தார். சாதாரண ரப்பர் பட்டை மேற்புறமாகப் போய், உருளையில் மடங்கி, அடிப்புறமாகத் திரும்பி வரும். சுஷிப் பட்டையோ சமையற்காரரையும் வாடிக்கையாளரையும் சுற்றி ஒரே மட்டத்தில் வளையமாக ஓடவேண்டும். எனவே மூலைகளைத் தவிர்க்க இயலாது. செவ்வகப் பலகைகளைச் சங்கிலியில் வரிசையாகக் கோத்தால், வளைவின் உட்புறத்தில் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், வெளிப்புறத்தில் விரிந்து இடைவெளி விடும்.

இதற்கான தீர்வு பிறை வடிவத் தகடு. ஒவ்வொரு தகட்டின் முன்விளிம்பும் வட்டவில்லாகப் புடைத்திருக்கும். பின்விளிம்பு அதே அளவு வில்லாகக் குழிந்திருக்கும். ஒரு தகட்டின் குழிவுக்குள் அடுத்த தகட்டின் புடைப்பு அமர்ந்துகொள்கிறது. நுட்பம் முழுவதும் அடியிலுள்ள சங்கிலியின் இணைப்பு ஊசி எங்கே இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது: அந்த ஊசி, புடைத்த வில்லின் வட்ட மையத்துக்கு நேர் கீழே நிற்கிறது. எந்த வட்டத்தையும் அதன் மையத்தைப் பற்றிச் சுழற்றினால் அது தன்மீதே பொருந்தும் என்பதால், இரு தகடுகள் ஊசியைப் பற்றி எவ்வளவு கோணம் திரும்பினாலும் புடைப்பு குழிவுக்குள் வழுக்குகிறதே தவிர, நடுவிலுள்ள மெல்லிய இடைவெளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி சுழல்வதும் இந்த வடிவியலால்தான். இத்தகைய ஒரு கணக்குக்கு ஆய்வு நிதி கேட்டு யாராவது விண்ணப்பித்தால் பட்டறை வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். அந்த அலட்சியம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதல்ல.

பட்டை பெரும்பாலும் வாடிக்கையாளரின் வலமிருந்து இடமாக ஓடுகிறது. வலக்கையில் குச்சிகளைப் பிடித்திருப்பவர் இடக்கையால் தட்டை எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காத தட்டு எத்தனை நேரம் சுற்றும் என்ற கேள்விக்கு, சுஷிரோ என்ற ஜப்பானிய உணவக நிறுவனம் தட்டின் அடியில் ஐசி சில்லு பதித்து விடை கண்டது. சில்லில் மின்கலம் இல்லை. வாசிப்புக் கருவியின் மாறும் காந்தப்புலம் அதன் கம்பிச்சுருளில் தூண்டும் மின்னோட்டத்தைக் கொண்டே அது தன் எண்ணைத் தெரிவிக்கிறது. 350 மீட்டர் ஓடிய தட்டு தானாகவே அகற்றப்பட்டது. நொடிக்கு 8 செ.மீ. என்றால், அது ஏறக்குறைய 73 நிமிடப் பயணம். ஆனால் தட்டு எவ்வளவு ஓடியது என்பதை அறியத்தான் சில்லு உதவும், மீனில் புழு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. வசாபி என்னும் காரச் சாந்தும் வினிகரும், மீனில் ஒட்டுண்ணியாக வாழும் அனிசாகிஸ் புழுவைக் கொன்றுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. அதைக் கொல்வதற்கு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உறையவைக்க வேண்டும் அல்லது நன்கு சூடாக்க வேண்டும்.

2023இன் தொடக்கத்தில், வாடிக்கையாளர் ஒருவர் சோயா சாஸ் புட்டியை நக்கிய காணொளி பரவியபின், சுஷிரோ முதலான நிறுவனங்கள் கேட்டவருக்கு மட்டும் உணவு அனுப்பும் முறைக்கு மாறின. அந்த ஏற்பாட்டில் தட்டு சமையலறையிலிருந்து மேசைக்கு நேர்கோட்டில் வந்து நின்றுவிடும் கடைகளில், பிறைத் தகடுகளுக்கு வேலை இல்லை. பெரிய நிறுவனங்களில் குரா சுஷி மட்டும் தட்டுகளை மூடியிட்டு, மூடியை ஐயத்துக்கிடமாகத் திறப்பவரைக் கேமராவால் கண்டறிந்து, பழைய வளையத்தையே தொடர்ந்து ஓட்டுகிறது.