காஸ்மோ ஸ்போர்ட் எத்தனை சி.சி.?

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் நாலு பேர் கூடிவிட்டால் சண்டைக்குப் பஞ்சமே இருக்காது. நிஸான் நிறுவனத்தின் டாட்சன் 240இசட் காரின் உடலை வரைந்ததில் ஜெர்மன் வடிவமைப்பாளர் கோர்ட்ஸுக்குப் பங்கு உண்டா, இல்லை எல்லாம் நிஸானின் சொந்த வடிவமைப்பாளர் மட்சுவோ குழுவின் வேலைதானா என்று ஆரம்பித்தால் விடிந்துவிடும். இந்த மாதிரிச் சண்டைகளுக்குப் பழைய ஆவணங்களைத் தோண்ட வேண்டும். மஸ்தா காஸ்மோ ஸ்போர்ட் விஷயத்தில் நடக்கும் சண்டையை மட்டும் ஒரு தாளும் பென்சிலும் வைத்தே தீர்த்துவிடலாம். அந்த இன்ஜின் எத்தனை சி.சி.?

1967 மே 30 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது மஸ்தா சொன்னது 982 சி.சி., 110 குதிரைத்திறன். ஒரு லிட்டருக்கும் குறைவான இன்ஜினில் இவ்வளவு சக்தி என்பது அன்றைக்கு ரேஸ் வண்டிக் கணக்கு. "அது 982 இல்லை, 1964" என்கிறது ஒரு கட்சி. "ஒழுங்காக எண்ணினால் 2946" என்கிறது இன்னொன்று. ஜப்பானின் வாகன வரி விதி இரண்டையும் விட்டுவிட்டு, மஸ்தா சொன்ன 982ஐ 1.5 ஆல் பெருக்கச் சொல்கிறது. அப்படிப் பார்த்தால் 1473.

இத்தனை விடைகள் வரக் காரணம், உள்ளே பிஸ்டனே கிடையாது. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டக் கூடு ஒன்று. அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர். ரோட்டரின் மூன்று முனைகளும் எந்நேரமும் கூட்டின் சுவரைத் தொட்டபடி இருக்கும். அதனால் ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் சுவருக்கும் இடையே எப்போதும் மூன்று அறைகள். ரோட்டர் தன் மையத்தில் சுழல்வதோடு, அந்த மையமே ஒரு சின்ன வட்டத்தில் ஊர்ந்து போகிறது. அந்த அசைவில் ஒவ்வொரு அறையும் விரிந்து பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும், சுருங்கி அதை அழுத்தும், தீப்பொறி பட்டதும் விரிந்து சக்தி கொடுக்கும், மறுபடி சுருங்கிப் புகையைத் தள்ளும். நம்ம ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் அதே நான்கு வேலைகள்தான். மேலும் கீழும் அடிக்கும் பாகமும் இல்லை, வால்வும் இல்லை.

ரோட்டரைத் தாங்கும் ஷாஃப்ட்டில் மையம் விலகிய ஒரு வட்டத் தட்டு இருக்கிறது. ரோட்டரின் உட்பல் சக்கரமும், கூட்டோடு அசையாமல் பிடிக்கப்பட்ட சிறு பல்சக்கரமும் 3க்கு 2 என்ற விகிதத்தில் கோத்துக்கொள்கின்றன. விளைவு, ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். சண்டைக்கு மூலகாரணம் இந்த மூன்றுக்கு ஒன்றுதான்.

இனி தாளை எடுக்கலாம். காஸ்மோவின் 10ஏ இன்ஜினில் ரோட்டரின் மையத்திலிருந்து முனை வரை 105 மி.மீ. ஷாஃப்ட்டின் மைய விலகல் 15 மி.மீ. ரோட்டரின் அகலம் 60 மி.மீ. மூன்றையும் பெருக்கி, அதை 3√3 ஆல், அதாவது சுமார் 5.196 ஆல் பெருக்கினால் 491 சி.சி. வரும். ஓர் அறை மிகச் சிறியதாக இருக்கும் நிலைக்கும் மிகப் பெரியதாக இருக்கும் நிலைக்கும் உள்ள வித்தியாசம் இது. (பின்னால் வந்த 12ஏ, 13பி இன்ஜின்களில் மஸ்தா முதல் இரண்டு அளவுகளைத் தொடவே இல்லை. அகலத்தை மட்டும் 70, 80 என்று கூட்டியது. அறை 573, 654 என்று வளர்ந்தது. சிக்கனமான ஆட்கள்.)

காஸ்மோவில் ரோட்டர்கள் இரண்டு. ஆளுக்கு ஓர் அறை என்று மஸ்தா எண்ணியது: 982. ஆறு அறைகளையும் எண்ணினால் 2946. ஆனால் ஆறும் ஒருமுறை உறிஞ்சி முடிக்க ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்ற வேண்டும். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு சி.சி. சொல்லும்போது நாம் இரண்டு சுற்றில் அது உள்ளே இழுக்கும் கொள்ளளவைத்தான் சொல்கிறோம். காஸ்மோ ஒரு சுற்றுக்கு 982 சி.சி. இழுக்கிறது, இரண்டு சுற்றுக்கு 1964. என் ஓட்டு இதற்குத்தான். இரண்டு லிட்டர் காரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த 110 குதிரைத்திறன் மாயமாகவும் தெரியாது, மட்டமாகவும் தெரியாது. பெட்ரோல் குடித்த குடியும் அந்த அளவுக்குப் பொருந்தும்.

கணக்கு சுலபம். முனைகளை அடைத்ததுதான் பெரும்பாடு. ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய முதல் மாதிரி 1957இல் ஓடியது. அதில் வெளிக்கூடும் சேர்ந்து சுற்றியது. கூட்டை நிறுத்தி ரோட்டரை மட்டும் சுற்றவிட்டது அதே நிறுவனத்தின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. ஆகவே இன்று நாம் 'வாங்கல் இன்ஜின்' என்று சொல்வதில் பாதிப் புண்ணியம் பாஷ்கேவுக்குச் சேர வேண்டியது. உரிமம் வாங்கி வந்த ஹிரோஷிமாக்காரர்கள், அதாவது மஸ்தாக்காரர்கள், ஓட்டிப் பார்த்தபோது கூட்டின் உட்சுவர் முழுக்க வரிவரியாகப் பள்ளம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் நகக்கீறல்'. 1963இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்களை இதற்கென்றே உட்கார வைத்தார்கள்.

கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கிரீச்சிட்டுப் புள்ளிப்புள்ளியாகக் கோடு விழுமே, அதேதான் அங்கேயும் நடந்தது. அறைக்கு அறை வாயு கசியாமல் அடைக்க ரோட்டர் முனையில் செருகிய பட்டையான சீல், சுவரில் உராயும்போது தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்தது. துடித்த இடமெல்லாம் வெட்டியது. முனைக்கு அருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்ட சீலைப் போட்டதும் அதிர்வெண் மாறியது, கீறல் நின்றது. ஆனால் அதை மொத்தமாகத் தயாரிப்பது கஷ்டம். கடைசியில் விற்பனைக்கு வந்த காரில் இருந்தது, அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல். தானே கொஞ்சம் தேய்ந்து, சுவரின் குரோம் பூச்சைக் காப்பாற்றியது.

1972 வரை கட்டப்பட்ட காஸ்மோ ஸ்போர்ட் மொத்தம் 1176தான். இன்று ஒன்றைப் பிரித்து மேய்பவர்களுக்கு இந்தச் சீல் ஒரு தர்மசங்கடம். அசலைப் போலக் கார்பனே போட வேண்டும் என்பவர்கள் உண்டு. மஸ்தாவே 1970களில் கார்பனைக் கைவிட்டு வார்ப்பிரும்புக்குப் போய்விட்டதே, அப்புறம் என்ன பிடிவாதம் என்பவர்களும் உண்டு. ஓட்டப்போகும் காருக்கு இரும்பு என்பேன். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கப்போகும் காரில் எதைப் போட்டால் என்ன?

இன்ஜினை இறக்காமலே உள்ளே என்ன நிலைமை என்று பார்க்கவும் வழி இருக்கிறது. அறைக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் சாதாரணக் கம்ப்ரஷன் கேஜில் ஒருவழி வால்வு இருக்கும்; வந்ததிலேயே பெரிய அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடும். அந்த வால்வைக் கழற்றிவிட்டு, பிளக் துளையில் கேஜை மாட்டி, ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டால் முள் மூன்று மூன்றாகத் துள்ளும். மூன்றும் சமமாக இருந்தால் சரி. அடுத்தடுத்து இரண்டு துள்ளல் சோர்ந்து ஒன்று மட்டும் நன்றாக இருந்தால், ஒரு முனைச் சீல் போய்விட்டது: ஒரு முனை என்பது இரண்டு அறைகளுக்குப் பொதுச் சுவர். ஒன்றே ஒன்று மட்டும் சோர்ந்தால் பெரும்பாலும் அந்த முகத்தின் பக்கவாட்டுச் சீல். விற்கிறவர் "கம்ப்ரஷன் பக்கா" என்று ஒற்றை எண்ணைச் சொன்னால் நம்ப வேண்டாம். ரோட்டருக்கு மூன்று வீதம் ஆறு எண்களைக் கேளுங்கள்.