ஒரு ‘ன்னு’ குறைந்தால்

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியபோது குறுக்குத்துறை முருகன் கோயிலையும் கொக்கிரகுளத்தையும் படம் பிடித்து, ஒரு சர்வரில் ‘வெள்ளம்’ என்ற ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பிரதியாக ‘வெள்ளம் நகல்’ என்று இன்னொன்று. சர்வரில் இடம் குறையவே, பாளையங்கோட்டை வீட்டிலிருந்தபடியே நகலை அழிக்க இப்படிக் கட்டளை கொடுத்தேன் (எஸ்எஸ்எச் தொலைவிலுள்ள கணினியில் கட்டளையை ஓட்ட உதவும் நிரல், ஆர்எம் -ஆர் ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு அழிக்கும் கட்டளை):

எஸ்எஸ்எச் சர்வர் ஆர்எம் -ஆர் "வெள்ளம் நகல்"

‘நகல்’ என்று ஒன்றும் இல்லை எனப் பதில் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ‘வெள்ளம் நகல்’ பத்திரமாக இருக்கிறது. மூலமான ‘வெள்ளம்’ போய்விட்டது. நகல் இருந்ததால் படங்கள் தப்பின. ஆனாலும் மேற்கோள்குறி போட்டுத்தானே கொடுத்தேன்? அது எங்கே போனது?

என் கணினியின் ஷெல்லே, அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிரல்களை ஓட்டும் நிரலே, அதைத் தின்றுவிட்டது. நாம் அடிக்கும் வரியை இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டுவது ஷெல்லின் வேலை. ‘இங்கே வெட்டாதே’ என்று அதற்குச் சொல்வதுதான் மேற்கோள்குறி. வெட்டி முடித்ததும் ஷெல் குறிகளைக் கழற்றி எறிந்துவிடும். ஓடப்போகும் நிரலுக்குக் கிடைப்பது தனித்தனிச் சரங்களின் (எழுத்துத் துண்டுகளின்) பட்டியல் மட்டுமே. அதில் குறிக்கு இடமில்லை. அப்படித்தான் எஸ்எஸ்எச் கையில் ‘வெள்ளம் நகல்’ ஒரே சரமாகச் சரியாகவே சேர்ந்தது. ஆனால் எஸ்எஸ்எச் தன்னிடம் வந்த துண்டுகளை நடுவில் இடைவெளி விட்டு ஒட்டி, ஒற்றை வரியாக அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே இன்னொரு ஷெல் காத்திருக்கிறது. அது மறுபடி வெட்டும்போது தடுக்கக் குறி எதுவும் மிச்சமில்லை.

நம் பேச்சிலேயே இது நடக்கிறது. அம்மா பையனை மாமா வீட்டுக்கு அனுப்புகிறாள்: “ஏல, அண்ணாச்சி நாளைக்கு வாங்கன்னு சொன்னாகன்னு மாமாட்ட சொல்லு.” இரண்டு ‘ன்னு’. பையன் வெளி ‘ன்னு’வைக் கழற்றிவிட்டுச் சொல்வான்: “அண்ணாச்சி நாளைக்கு வாங்கன்னு சொன்னாக.” சரியாகப் போய்ச் சேர்ந்தது. அம்மா ஒரே ‘ன்னு’வோடு நிறுத்தி, “அண்ணாச்சி நாளைக்கு வாங்கன்னு மாமாட்ட சொல்லு” என்றிருந்தால்? வாசலில் நின்று பையன் சொல்வது: “அண்ணாச்சி, நாளைக்கு வாங்க.” கூப்பிட்டவர் மறைந்து, மாமாவே அண்ணாச்சி ஆகிவிட்டார். சொல் எதுவும் மாறவில்லை, உறை ஒன்று குறைந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எண்ண வேண்டியது ஒன்றே: போகும் வழியில் எத்தனை ஷெல்? இரண்டென்றால் இரண்டு உறை.

எஸ்எஸ்எச் சர்வர் 'ஆர்எம் -ஆர் "வெள்ளம் நகல்"'

ஒற்றைக்குறியை இங்குள்ள ஷெல் கழற்றும். இரட்டைக்குறி அப்படியே பயணம் போய் அங்குள்ள ஷெல்லுக்கு வேலை செய்யும். பெயர் கையால் அடிப்பதாக இல்லாமல் மாறியில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில்) வருகிறதென்றால், பாஷ் என்ற ஷெல்லில் பிரின்ட்எஃப் கட்டளையின் %க்யூ அந்த இரண்டாம் உறையைத் தானே போட்டுத் தரும். மனக்கணக்கைவிட அதையே நான் நம்புவேன்.

ஒரு ஸ்கிரிப்ட் (ஷெல் கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு) இன்னொன்றைக் கூப்பிடும்போதும் இதே வலி. தனக்கு வந்த வாதங்களை, அதாவது கட்டளையோடு கூடவே கொடுத்த சரங்களை, அப்படியே தள்ளிவிட "$@" என்று குறியோடு எழுத வேண்டும். ஒவ்வொரு வாதமும் தனித்தனியாக, வந்த வடிவிலேயே போகும். குறியில்லாத $@ மறுபடி வெட்டும். "$*" எல்லாவற்றையும் ஒரே சரமாக ஒட்டிவிடும். 1979-இல் வந்த போர்ன் ஷெல்லிலேயே "$@" உண்டு. இத்தனை வருடமாகியும் அந்த இரண்டு குறிகளை விட்டுவிட்டு எழுதும் ஸ்கிரிப்டுகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

விண்டோஸில் கணக்கே வேறு. அங்கே ஒரு நிரலைத் தொடங்கும்போது பட்டியல் போவதில்லை, ஒரு நீள வரிதான் போகிறது. அதை வெட்டிக்கொள்வது பெற்ற நிரலின் பொறுப்பு. பழைய கமாண்ட் பிராம்ப்ட்டுக்கு ஒற்றைக்குறி வெறும் எழுத்து. மைக்ரோசாஃப்டின் இன்னொரு ஷெல்லான பவர்ஷெல்லோ 7.3 பதிப்புக்கு முன்புவரை, வெளி நிரலுக்குப் போகும் வாதத்தின் உள்ளே இருந்த இரட்டைக்குறிகளை வழியிலேயே தொலைத்தது. லினக்ஸில் ஓடிய வரியை அங்கே அப்படியே ஒட்டினால் ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இப்போதெல்லாம் ஆர்எம் இருக்கும் இடத்தில் முதலில், பெயரை மட்டும் பட்டியலிடும் எல்எஸ் -டி போட்டு ஒருமுறை ஓட்டுகிறேன். மற்றது எதையும் தொடுவதில்லை, குறிகள் அதே இடத்தில். அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் ‘நகல்’ இல்லை என்ற புகாரும், அதையடுத்து ‘வெள்ளம்’ என்ற ஒற்றைச் சொல்லும் திரையில் வந்து நின்றிருக்கும்.