தடுப்புத் தீவு: யாருக்குத் தடுப்பு?

கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும், முழுக்க மணலாலான ஒல்லித் தீவு. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் அலையடங்கிய உப்பங்கழி, கழிக்கு அப்பால் பெருநிலம். ஆங்கிலத்தில் இதன் பெயர் பேரியர் ஐலண்ட். தமிழில் சிலர் தடைத்தீவு என்பார்கள், சிலர் அரண்தீவு, சிலர் தடுப்புத் தீவு. எதைச் சொன்னாலும் ஒன்றுதானே என்று தோன்றும். அங்கே நான்கு நாள் தங்கப் பெட்டி கட்டும்போதுதான் வேறுபாடு உறைக்கும்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பிரிப்போம். பேரியர், பழைய பிரெஞ்சு மொழியின் ‘பார்’ என்ற வேரிலிருந்து வந்தது; குறுக்கே போட்ட கட்டை, தாழ்ப்பாள் என்று பொருள். கடலடி மணல்மேட்டை ஆங்கிலத்தில் ‘பார்’ என்பதும் இதே சொல்தான். 1845-இல் பிரெஞ்சு நிலவியலாளர் எலி த பொமோன், கடலடி மணல்மேடு அலையால் உயர்ந்து இத்தகைய தீவாகிறது என்றார். 1885-இல் அமெரிக்கர் கில்பர்ட், கரையோரமாக ஓடும் நீரோட்டம் சுமந்து வரும் மணலே காரணம் என்றார். இரண்டும் இடத்துக்கு இடம் பொருந்துகின்றன. ஐலண்ட் என்பதில் ஒலிக்காமல் நிற்கும் ‘எஸ்’ எழுத்து பின்னால் ஒட்டியது. சொல் பழைய ஆங்கிலத்தது. லத்தீன் வழி வந்த ‘ஐல்’ என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டு எழுத்தைச் செருகிவிட்டார்கள்.

நம் ‘தீவு’ வடமொழியின் த்வீபத்திலிருந்து வந்தது. இருபுறமும் நீர் உடையது என்பது அதன் பகுபொருள். வேறெந்தத் தீவையும்விட இந்த வகைக்குத்தான் அது அச்சாகப் பொருந்துகிறது. துருத்தி என்ற அழகான தமிழ்ச்சொல் உண்டு, திருப்பூந்துருத்தியில் இருப்பது. ஆனால் அது ஆற்றிடைக் குறை, கடலுக்கு ஆகாது. நெய்தல் பாடல்களில் வரும் ‘எக்கர்’ இன்னும் நெருக்கம்: அலை கொண்டுவந்து குவித்த மணல்மேடு. எக்கர்த்தீவு என்றால் அதன் உடம்பு என்னவென்று தெரிந்துவிடும்.

பாறை இல்லை, மணல்தான் என்பது முக்கியம். மன்னார் வளைகுடாவில் 21 என்று எண்ணப்படும் தீவுகள் பவளப்பாறை மேல் எழுந்தவை. அவற்றை இந்தப் பெயரால் அழைப்பது பிழை. நமக்கு அருகில் உண்மையான உதாரணம் ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காட்டு ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக் கிடக்கும் மணல்தீவு அது. ராக்கெட் ஏவுதளம் என்பதால் விடுமுறைக்கு அங்கே இடமில்லை. எனவே டெக்சாஸின் கால்வெஸ்டனுக்குப் போவோம்.

ஹூஸ்டனிலிருந்து 80 கிலோமீட்டர். ஹூஸ்டன் அருகே உள்ள பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு வருகிறவர்கள் அப்படியே தெற்கே இறங்கிவிடலாம். தீவின் நீளம் சுமார் 43 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 5 கிலோமீட்டர் அளவே. ஸ்பானிய ஆளுநர் பெர்னார்டோ தெ கால்வெஸின் பெயர் ஊருக்கு நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சாஸின் பெரிய துறைமுகம். 1900 செப்டம்பர் 8 அன்று புயல் வந்தபோது தீவின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 9 அடிக்கும் குறைவு. ஏறி வந்த நீரோ 15 அடிக்கு மேல். இறந்தவர்கள் 6,000 முதல் 12,000 வரை என்பது மதிப்பீடு. அமெரிக்க வரலாற்றில் இதைவிட அதிக உயிர் கொண்ட இயற்கைப் பேரிடர் இல்லை.

அரண்தீவு என்ற பெயர் இங்கேதான் தோற்கிறது. அரண் உள்ளே இருப்பவரைக் காக்கும். இந்தத் தீவு காப்பது பின்னால் இருக்கும் கரையை. தன் மேல் நிற்பவரை அல்ல. தடையும் சரியில்லை, அது விலக்கு என்ற பொருளுக்கு நழுவுகிறது. வெயிலுக்குத் தட்டி கட்டுவதுபோல் முன்னே நின்று அடி வாங்குவது தடுப்பு. ஆகவே தடுப்புத் தீவு என்பதே சரியான சொல். விளக்க வேண்டிய இடத்தில் எக்கர்த்தீவு.

அரண் வேண்டும் என்று ஊர்மக்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 17 அடி உயரக் கடல்சுவரின் முதல் பகுதி 1904-இல் முடிந்தது; இன்று அது சுமார் 16 கிலோமீட்டர் நீளம். சுவர் மட்டும் போதாதென்று ஊரையே தூக்கினார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்து உயர்த்தி, மணலும் நீரும் கலந்த குழம்பைக் குழாயில் பாய்ச்சி அடியில் நிரப்பினார்கள். புனித பேட்ரிக் தேவாலயம் 3,000 டன். 700 ஜாக்கிகளால் 5 அடி உயர்ந்தது. 1911 வரை நடந்த வேலை. பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் சுற்றுவேலியையும் கவனிக்க வேண்டும்: சிலவற்றின் அடிப்பகுதி இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது.

தங்குமிடம் தேர்வதற்கு இந்த வரலாறுதான் வழிகாட்டி. கடல்சுவர் சாலை விடுதிகள் தீவின் உயரமான பக்கம். சாலையைக் கடந்து படி இறங்கினால் கடற்கரை. ஸ்ட்ராண்ட் பகுதி, இரும்பு முகப்புப் பழங்கட்டடங்கள் நிறைந்தது, நடந்தே பார்க்கலாம். ஆனால் அது கழிப்பக்கம், தாழ்வு, அலைக்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல். 2008 செப்டம்பரில் ஐக் புயலின்போது வெள்ளம் சுவரை மீறி வரவேண்டிய தேவையே இருக்கவில்லை, பின்வாசலான கழி வழியாக ஸ்ட்ராண்டுக்குள் புகுந்தது. (ஸ்ட்ராண்ட் என்ற சொல்லுக்கே கரை என்றுதான் பொருள்.) மேற்கு முனையில் சுவர் இல்லை, அங்கே வாடகைக்குக் கிடைப்பவை கால்கள் மேல் நிற்கும் வீடுகள். கீழ்த்தளத்தில் பெட்டிகளை வைக்கக் கூடாது. கடைகள் குறைவு, மளிகையை நகரத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

முகவரியில் ஒரு பொறி. தீவின் நீளவாக்குச் சாலைகளுக்கு எழுத்துப் பெயர், குறுக்குத் தெருக்களுக்கு எண். பி அவென்யூதான் ஸ்ட்ராண்ட், ஜே அவென்யூ பிராட்வே. இடையில் ‘எம் அரை’, ‘ஓ அரை’ என்று சாலைகள் உண்டு. அரையை விட்டுவிட்டால் வேறு தெருவில் போய் நிற்பீர்கள். 22-ஆம் தெருவும் ஸ்ட்ராண்டும் சந்திக்கும் மூலையைத் தவறவிட வேண்டாம்: 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸில் அடிமைகள் விடுதலையானதை அறிவித்த ஆணையின் நினைவிடம் அது. அந்த நாளைக் கொண்டாடும் ஜூன்டீன்த் விடுமுறை இவ்வூரில் பிறந்தது. துறைமுகத்தில் 1877-இல் கட்டிய எலிஸ்ஸா பாய்மரக் கப்பலும் உண்டு.

மாதம்: ஏப்ரல், மே, அக்டோபர் கடைசி. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகஸ்டும் செப்டம்பரும் உச்சம். பயணக் காப்பீடு வாங்குவதானால் முன்பதிவோடு வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்கு அது பொருந்தாது. வெளியேறச் சொன்னால் தாமதிக்காதீர்கள். பெருநிலத்துக்குப் பெரும்பாலோர் போகும் வழி 45-ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றுதான், பலத்த காற்றில் கிழக்கு முனையிலிருந்து போகும் அரசுப் படகும் நின்றுவிடும்.

தண்ணீர் பழுப்பாக இருக்கிறதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். ஆறுகள் கொண்டுவரும் வண்டல் அது, சாக்கடை அல்ல. வசந்தத்திலும் கோடையிலும் பழுப்புக் கடற்பாசி கரையில் குவியும். நாறும், ஆனால் மணலைப் பிடித்து வைப்பதும் அதுவே. கொடிகளைப் பாருங்கள்: சிவப்பு என்றால் பெரும் அபாயம், ஊதா என்றால் சொறிமீன் போன்ற கடலுயிர்கள். கடல்சுவர் எதிரே கடலுக்குள் நீளும் கற்குவியல்களை நம் மீனவர் மொழியில் தூண்டில் வளைவு என்று சொல்லலாம். மணல் அடித்துப் போகாமல் தடுக்கப் போட்டவை. அவற்றின் ஓரமாகவே நீர் கடலுக்குள் இழுக்கும், எனவே அவற்றை ஒட்டிக் குளிக்கக் கூடாது. மேற்குக் கோடியில் சான் லூயிஸ் முகத்துவாரம் இன்னும் மோசம். கழி வடியும் வேகத்தில் காலடி மணலே கரையும். அங்கே இறங்கவே கூடாது. ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். ஆறாத புண் இருந்தால் வெதுவெதுப்பான உவர்நீரில் இறங்காதீர்கள்.

மணல்மேட்டின் மேல் ஏறி நடக்க வேண்டாம், பலகை நடைபாதை இருக்கும். மேட்டில் படரும் கொடி நம் அடும்புதான். குறுந்தொகை மானடிக்கு ஒப்பிட்ட அதே பிளந்த இலை. அதன் வேர் போனால் மணல் நகரும், மணல் நகர்ந்தால் தீவு நகரும்.

கிழக்கு முனையிலிருந்து பொலிவர் தீபகற்பத்துக்கு அரசுப் படகு காரோடு ஏற்றிப் போகும், கட்டணம் இல்லை, இருபது நிமிடத்துக்குள் அக்கரை. கோடை வார இறுதியில் வரிசை மணிக்கணக்கில் நீளும். காரை நிறுத்திவிட்டு நடைப் பயணியாக ஏறினால் காத்திருப்பு குறையும். ஓங்கில்களையும் (டால்பின்) மேல்தளத்திலிருந்தே பார்க்கலாம்.